நிழற்படமும் நிழலும்

பயணம் சென்று மீண்டவரிடம் முன்னாளில் ஊர்ச் செய்தி கேட்பார்கள். இந்நாளில் படத்தைக் காட்டச் சொல்கிறார்கள். கைப்பேசியே ஒளிப்படக் கருவியும் ஆகிவிட்ட பின்னர், மலைநாட்டுக்குச் செல்லும் குடும்பம் ஒவ்வொன்றும் யானையையோ மானையோ படமாக்கிக்கொண்டே இல்லம் திரும்ப விரும்புகிறது. துப்பாக்கியால் சுடுவதை விட்டுப் படம் எடுக்கும் நிலைக்கு மனிதன் உயர்ந்துவிட்டானே, இதில் என்ன குற்றம் என்று கேட்பவரை நாம் குறைகூறுவதற்கில்லை. சென்ற கோடைவரை நாமும் அவ்வாறே கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த எண்ணத்தைக் கலைத்தது மசினகுடிச் சாலையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி. அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து மூன்று குடும்பத்தார் ஒரே வேனில் உதகைக்குப் புறப்பட்டுச் சென்றோம். நம்மிடம் ஓதி முடித்து, இப்போது பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளிவாசலில் இமாமாக இருக்கும் இளைஞர் ஒருவரும் உடன் வந்தார். தெப்பக்காட்டைக் கடந்து மசினகுடி நோக்கிச் செல்கையில் நண்பகல் ஆகிவிட்டது. சாலையோரத்து மரம் ஒன்றின் அடியில் பத்துப் பன்னிரண்டு புள்ளிமான்கள் படுத்து அசைபோட்டுக் கொண்டிருந்தன. வெயிலில் காடெங்கும் காய்ந்து கிடக்க, அந்த ஒரு மரத்தின் கீழ் மட்டும் வட்டமாய் நிழல். வண்டியை நிறுத்தலாகாது என்னும் அறிவிப்புப் பலகையைச் சற்று முன்னர்தான் தாண்டியிருந்தோம். எனினும் நிறுத்தச் சொன்னவர் நாமே. மான்கள் தலை தாழ்த்தியிருந்தமையால் முகம் படத்தில் விழவில்லை. “தம்பி, கையைத் தட்டுங்கள், நிமிர்ந்து பார்க்கும்” என்று சொன்னவரும் நாமே.

அவர் தட்டினார். மான்கள் நிமிர்ந்தன, படமும் விழுந்தது. அடுத்த நொடியில் பெட்டை ஒன்று முன்னங்காலால் தரையை உதைத்தது. வால்கள் உயர்ந்து அடிப்புறத்து வெண்மை தெரிந்தது. கூட்டம் முழுவதும் எழுந்து சாலையின் குறுக்கே பாய்ந்தது. எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் அலறும் ஓசையுடன் வண்டியை நிறுத்தினார். எந்த மானுக்கும் அடிபடவில்லை. ஆனால் குட்டி ஒன்று கடக்க அஞ்சி இப்புறமே நின்றுவிட்டது. பின் உண்ணிச்செடிப் புதருக்குள் ஓடி மறைந்தது. அது தன் தாயைச் சேர்ந்ததா என்பதை இன்றளவும் நாம் அறியோம்.

வண்டி புறப்பட்டது. நெடுந்தொலைவு வரை அந்த இளைஞர் பேசவில்லை. பிறகு மெல்லிய குரலில், “ஹஜ்ரத், அவை நிழலில்தானே படுத்திருந்தன?” என்றார்.

பிறருக்கு இது சாதாரணக் கேள்வியாகத் தோன்றலாம். அதன் பொருள் நமக்குத் தெரியும். மக்காவின் புனித எல்லையைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த விதிகளுள், அங்குள்ள வேட்டைப் பிராணியை விரட்டலாகாது என்பதும் ஒன்று. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் இந்த நபிமொழியை அறிவித்த அவர்களுடைய மாணவர் இக்ரிமா (ரஹ்) அவர்கள், விரட்டுதல் என்றால் என்னவென்று தெரியுமா எனத் தம் மாணவரைக் கேட்டார்கள். நிழலில் இருக்கும் பிராணியை அங்கிருந்து அகற்றிவிட்டு அவ்விடத்தில் நீ தங்கிக்கொள்வதுதான் அது என்று தாமே விளக்கமும் தந்தார்கள். புகாரி ஷரீஃபில் உள்ள இந்த விளக்கத்தை ஆண்டுதோறும் ஓதிக் கொடுத்தவர் நாம். நம்மிடமிருந்து அதை ஓதியவர் அந்த இளைஞர். மறந்தவர் ஆசிரியர், நினைவூட்டியவர் மாணவர்.

இவ்விடத்தில் வாசக அன்பர் ஒருவர் குறுக்கிட்டு, உயிருள்ளவற்றைப் படம் எடுப்பதே கூடுமா என்னும் பழைய வழக்கை எழுப்பக்கூடும். அது நெடுநாளாக உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விஷயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்-முதீஈ அவர்கள், ஒளிப்படக் கருவியால் எடுப்பது புதிதாக ஓர் உருவைப் படைப்பதன்று, இறைவன் ஏற்கெனவே படைத்ததன் நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று வாதிட்டு அதற்கெனத் தனி நூலே எழுதினார்கள். அதை ஏற்றவரும் உண்டு, மறுத்தவரும் உண்டு. அந்த வழக்கை இங்கு நாம் தீர்க்கப் போவதில்லை. ஆயினும் அவர்களது வாதத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழிலும் நாம் இதனை நிழற்படம் என்றே அழைக்கிறோம். அரபு மொழியில் ‘ழில்லு’ என்னும் ஒரே சொல், உருவின் சாயலையும் குறிக்கும், வெயிலுக்கு ஒதுங்கும் இடத்தையும் குறிக்கும். தமிழின் ‘நிழல்’ என்னும் சொல்லும் அத்தகையதே. மானின் நிழலைப் பிடித்துக்கொள்வது ஆகுமென்றே கொள்வோம். அதற்காக மானை அதன் நிழலிலிருந்து எழுப்பி ஓட்டுவது ஆகுமா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

நாம் அதைத் தொடவில்லையே, காயப்படுத்தவில்லையே என்று மனம் சமாதானம் தேடும். நமது மனமும் தேடிற்று. அப்போது நினைவுக்கு வந்தது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் வழியாக இது பதிவாகியுள்ளது. மக்காவில் ஒரு வெள்ளிக்கிழமை தாருந்நத்வாவுக்குள் சென்ற உமர் (ரலி) அவர்கள், தமது மேலாடையை அங்கிருந்த தாங்கியின் மீது இட்டார்கள். புறா ஒன்று வந்து அதன்மேல் அமர்ந்தது. ஆடை அழுக்காகுமே என்று அதைப் பறக்கச் செய்தார்கள். பறந்த புறா வேறோர் இடத்தில் அமர, அங்கே இருந்த பாம்பு அதைப் பிடித்துக் கொன்றுவிட்டது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் உஸ்மான் (ரலி) அவர்களும் நாஃபிஉ பின் அப்துல் ஹாரிஸ் (ரலி) அவர்களும் வந்தபோது, கலீஃபா தம்மீதே வழக்குரைத்தார்கள். பத்திரமாய் இருந்த இடத்திலிருந்து சாவு காத்திருந்த இடத்துக்குத் தாமே அதை அனுப்பிவிட்டதாக மனம் உறுத்துகிறது, இருவரும் தீர்ப்பளியுங்கள் என்றார்கள். ஓர் ஆட்டைப் பரிகாரமாகக் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பாயிற்று.

கொன்றது பாம்பு, கல்லெறிந்தவர் எவருமிலர், புறாவோ ஓர் எளிய பறவை. பரந்த நிலப்பரப்பை ஆண்டவர், கையை அசைத்ததற்காகக் குற்றவாளியின் இடத்தில் நின்றார். ஓர் உயிரை அது தேர்ந்துகொண்ட இடத்திலிருந்து பெயர்த்தபின், அதற்கு நேர்வதில் நமக்கும் பங்குண்டு என்பதே அவர்கள் கண்ட நீதி. இதை வைத்துப் பார்த்தால், அன்று அந்தப் பேருந்தின் ஓட்டுநர் விழிப்புடன் இருந்தமையால் மட்டுமே நாம் தப்பினோம் என்பது விளங்கும். அதுவும் முழுமையாகத் தப்பினோமா என்பது அந்தக் குட்டிக்கே வெளிச்சம்.

மக்காவின் எல்லைக்கும் இஹ்ராம் உடுத்தவருக்கும் உரிய சட்டத்தை முதுமலைக்கு நீட்ட நமக்கு அதிகாரம் இல்லை. அது மார்க்கத்தில் மிகைபடக் கூறுவதாகும். ஆயினும் சட்டம் ஓரிடத்துக்கு உரியதாயினும், அது பழக்கித் தரும் பண்பு எங்கும் உடன் வரவேண்டும் அன்றோ? மதீனாவில் மான்கள் மேயக் கண்டாலும் தாம் அவற்றை வெருட்டமாட்டோம் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் சொல்லி வந்தார்கள். வெருட்டுவது என்னும் அச்சிறு செயலே அவர்களது அச்சத்துக்குப் போதுமானதாயிற்று. பயணத்தில் இரவு தங்குவோர் சாலையை விட்டு ஒதுங்கித் தங்க வேண்டும், அது இரவில் விலங்குகளின் வழி என்பதும் நபிகளாரின் அறிவுரை. பந்திப்பூர்க் காட்டின் ஊடே செல்லும் சாலையில் 2009 முதல் இரவு ஒன்பது மணி தொடங்கிக் காலை ஆறு மணிவரை போக்குவரத்துக்குத் தடை உள்ளது. 2022 பிப்ரவரி முதல் நம் சத்தியமங்கலம் காட்டின் பண்ணாரி – திம்பம் மலைச்சாலையிலும் இரவுத் தடை நடைமுறைக்கு வந்தது. அவற்றைப் படித்தபோது இந்த அறிவுரையே நம் நினைவில் நின்றது. வழி நமக்கு மட்டும் உரியதன்று.

நம் நாட்டுச் சட்டமும் இதே திசையில்தான் நோக்குகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குத் தரும் பொருளைப் படித்தவர் வியப்படைவர். கொல்லுதலும் பிடித்தலும் மட்டும் அல்ல. துரத்துதல், இரை காட்டி ஈர்த்தல், பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைத்தல் ஆகியனவும் அச்சொல்லில் அடங்கும். சரணாலயத்துள் அனுமதி பெற்று நுழைவதற்குரிய காரணங்களுள் ஒன்றாக ஒளிப்படம் எடுத்தலையும் அச்சட்டமே ஏற்றுள்ளது. ஆனால் 2022ஆம் ஆண்டின் திருத்தம், வாழிடத்துக்கும் உயிரினங்களுக்கும் கேடு விளையாதவாறு என்னும் வரம்பை அதனோடு சேர்த்தது. படம் எடுப்பதற்குத் தடையில்லை. படத்துக்காகக் காட்டைக் கலைப்பதற்கே தடை.

கலைத்தவர் பட்டதை நாளேடுகள் அவ்வப்போது சொல்லி வருகின்றன. 2023 ஜனவரியில், பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில், நம் மாநில விலங்காகிய வரையாட்டின் கொம்பைப் பற்றி நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டதற்காக இருவர் கைதாயினர். சாலை வளைவுகளில் வரையாடுகள் அஞ்சாமல் வந்து நிற்பது அங்கே வழக்கம். அந்த நம்பிக்கையே அதற்கு வினையாயிற்று. 2025 ஆகஸ்டில் பந்திப்பூரில் காட்டு யானையுடன் தம்மையும் சேர்த்துப் படம் எடுக்க வண்டியை விட்டு இறங்கிய ஒருவரை அந்த யானை துரத்தி வீழ்த்தியது. உயிர் பிழைத்த அவருக்கு வனத்துறை 25,000 ரூபாய் தண்டம் விதித்தது. அவரைக் கண்டு நகைத்தோர் பலர். நாம் நகைக்கவில்லை. நாம் கை தட்டச் சொன்னதற்கும் அவர் இறங்கி நடந்ததற்கும் இடையே உள்ளது அளவின் வேறுபாடே ஒழியத் தன்மையின் வேறுபாடன்று. மான் திருப்பித் தாக்காது, யானை தாக்கும். நம் குற்றத்துக்குத் தண்டம் விதிக்க எவரும் வரவில்லை என்பதால் அது குற்றமாகாமல் போய்விடுமா?

இஹ்ராம் உடுத்தியவர்களைப் பற்றித் திருக்குர்ஆன் கூறுவது இங்கே எண்ணத்தக்கது. கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் அண்மையில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டுவந்து இறைவன் அவர்களைச் சோதிப்பதாக ஐந்தாம் அத்தியாயம் கூறுகிறது. விலங்கு எட்டாத் தொலைவில் இருக்கையில் எல்லோரும் நல்லவரே. அது அருகில் வந்து அமைதியாக நிற்கும்போதுதான் மனிதன் யார் என்பது தெரியவரும். சாலையோரத்தில் மான் படுத்திருப்பதும், வளைவில் வரையாடு நிற்பதும் நமக்குக் கிட்டிய வாய்ப்பு என்றே நாம் எண்ணுகிறோம். அது சோதனையாகவும் இருக்கலாம் என்று எண்ணுவதில்லை.

இவ்வளவு சொல்வதால் படமே வேண்டாம் என்பது நம் கருத்தாகிவிடாது. படம் செய்த நன்மையை மறுப்பது நன்றி கொல்வதாகும். எஃப். டபிள்யூ. சேம்பியன் என்னும் வனத்துறை அதிகாரி, வேட்டையாடுவதே பெருமை எனக் கருதப்பட்ட காலத்தில் வட இந்தியக் காடுகளில் புலியின் பாதையில் மெல்லிய கம்பியைக் கட்டி வைத்தார். புலியே அதை மிதித்துத் தன்னைப் படமெடுத்துக் கொள்ளும். அப்படங்கள் கொண்ட அவரது நூல் 1927இல் வெளிவந்தது. அதன் வழிவந்த தானியங்கிக் கருவிகளே இன்று புலிகளைக் கணக்கெடுக்கின்றன. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 26,838 இடங்களில் அவை வைக்கப்பட்டன. புலிக்குப் புலி வரிகள் மாறுபடுவதால், கைப்படாமல், மயக்க மருந்து ஏற்றாமல், ஒவ்வொன்றையும் பிரித்து அறிய முடிகிறது. நம் சென்னையிலேயே வாழ்ந்த மா. கிருஷ்ணன் அவர்களையும் நினைவுகூர்தல் வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் அவர். தாமே உறுப்புகளை இணைத்து அமைத்துக்கொண்ட கருவியால் கறுப்பு வெள்ளையிலேயே காட்டு விலங்குகளைப் படம் எடுத்தார். 1950 முதல் 1996இல் மறையும்வரை ஆங்கில நாளேடு ஒன்றில் இயற்கையைப் பற்றிய பத்தியை எழுதி வந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவர்கள் காட்டுக்குப் படத்தின் பொருட்டு மட்டும் செல்லவில்லை. விலங்கைத் தெரிந்துகொள்ளச் சென்றார்கள்; படம் அதன் விளைவாய்க் கிடைத்தது. நாம் படத்துக்காகச் சென்றோம். விலங்கு அதற்கொரு கருவியாயிற்று.

பிறர் எடுத்ததைப் பார்ப்பவருக்கும் அனுப்புபவருக்கும் இதில் பங்கில்லையா? இதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. ஹுதைபிய்யா ஆண்டில் நபித்தோழர்கள் இஹ்ராம் உடுத்திச் சென்றார்கள்; அபூகதாதா (ரலி) அவர்கள் மட்டும் இஹ்ராம் உடுத்தவில்லை. அவர்கள் ஒரு காட்டுக் கழுதையை வேட்டையாடிக் கொண்டுவர, மற்றவர்களும் அதை உண்டார்கள். பின்னர் ஐயம் கொண்டு நபிகளாரிடம் கேட்டார்கள். அதைத் தாக்குமாறு அவருக்கு உங்களில் எவரேனும் சொன்னீர்களா, அல்லது அதைச் சுட்டிக் காட்டினீர்களா என்பதே நபிகளாரின் வினாவாக இருந்தது. இல்லை என்றபின்தான் எஞ்சியதையும் உண்ண அனுமதித்தார்கள். விரல் நீட்டிச் சுட்டுவதும் வேட்டையில் பங்கு கொள்வதே என்னும் சட்டத்தை ஃபிக்ஹு அறிஞர்கள் இதிலிருந்து எடுத்தார்கள். யானை நிற்கும் இடத்தை அடுத்த வண்டிக்குச் சொல்லி அனுப்புகிறோம். கழுகு கூடு கட்டியுள்ள மரத்தை ஊர் பெயருடன் உலகுக்கு அறிவிக்கிறோம். நெருங்கி நின்று எடுத்த படத்தைக் கண்டு, இன்னும் நெருங்கியிருக்கலாமே என்று இளைஞரை ஊக்குகிறோம். அன்று சாலையில் நம் கையில் கருவி இல்லை. கை தட்டியதும் நாமல்லோம். நாம் சுட்டியவர் மட்டுமே. ஆயினும் நபிகளாரின் வினா நம்மை நோக்கித்தான் வருகிறது.

அன்றிரவு தங்கும் விடுதியில் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்தார்கள். மான்கள் காது விடைத்து, கண் அகலத் திறந்து, ஒருசேர நம்மை நோக்கும் படம். “எவ்வளவு அழகு!” என்றார்கள் பெண்கள். அது அச்சத்தின் முகம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. எல்லோரும் உறங்கச் சென்றபின் அந்த இளைஞர் வந்து அமர்ந்தார். “ஹஜ்ரத், இதை வைத்துக்கொள்ளலாமா, அழித்துவிடட்டுமா?” என்றார்.

இஹ்ராமில் இருப்பவர் அறுத்த வேட்டைப் பிராணி, முறைப்படி அறுத்ததேயாயினும், செத்த பிராணிக்கு ஒப்பானது என்பது ஃபிக்ஹு அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. பொருளில் குறையில்லை; அது வந்த வழியில்தான் குறை. இந்தப் படமும் அத்தகையதோ என்று நாம் எண்ணியது உண்மை. ஆயினும் ஃபத்வா கொடுக்கும் தகுதி அன்றைய நிலையில் நமக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. குற்றவாளி நீதிபதி ஆவது எப்படி? “தம்பி, அழிக்க வேண்டாம். யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். இக்ரிமாவின் விளக்கத்தை ஓதிக் கொடுக்கும் நாளில் மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எடுக்கச் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்” என்றோம். அவர் தயங்கினார், பிறகு சரியென்றார்.

ஊர் திரும்பியபின் ஒரு நாள் காலை, முத்தாபுதுப்பேட்டைக்கு அப்பால் உள்ள பொட்டல் வழியே நாமிருவரும் நடந்து சென்றோம். ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்குமேல் வட்டமிட்டு இடைவிடாது கத்தியது. ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால்தான் முன்னோர் அதற்கு அப்பெயர் இட்டனர். அது கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சரளைக் கற்களிடையே முட்டையிடும். வெயில் ஏறினால் முட்டையின்மேல் நின்று தன் உடலாலேயே நிழல் தரும். நீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நாம் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த முட்டைகள் வெயிலில் கிடக்கும் நிமிடம்.

இளைஞரின் கை சட்டைப் பைக்குச் சென்றது, பாதியிலேயே நின்றது. இருவரும் வந்த வழியே பின்வாங்கி, ஏரிக்கரை வேலமரத்தடிக்கு வந்து நின்றோம். சற்று நேரத்தில் கத்தல் அடங்கிற்று. குருவி இறங்கி, சுற்றும் பார்த்து, நாலடி ஓடி நின்று, மீண்டும் ஓடி, தன் இடத்தை அடைந்து சிறகைச் சற்றே விரித்தது. முட்டைகளின்மேல் நிழல் விழுந்தது.